மாடியில் பாத்திரம் புழங்கும் சத்தம்

1

வீடு கட்டி முடித்துப் பாஸ்டரை வைத்து ஜெபம் பண்ணி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதை எனக்கு நினைவுபடுத்தியது அம்மா அனுப்பிய ஒரு வீடியோ. அதில் ஆள் யாரும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு மாடிச் சமையலறை, ஒரு அலமாரி, அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருக்கின்றன. திடீரென்று ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கின்றன. நிற்கின்றன. மறுபடி ஆரம்பிக்கின்றன. பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "பாத்தியா பாப்பா? இத்தான். பின்னாடி கம்பெனில ஷிப்ட் நடக்கற நேரம் பூரா இப்டித்தான் கீது."

அப்போது நான் வேலைக்குப் போகும் ட்ராமில் நின்றுகொண்டிருந்தேன். ஜெர்மனியின் தென்பக்கத்தில் ஒரு நடுத்தர ஊர். இங்கே ட்ராமில் சத்தமாகத் தும்மினாலே திரும்பிப் பார்ப்பார்கள். டம்ளர் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தார்கள். போனை அணைத்துப் பையில் போட்டேன். முகம் சூடானது. கூச்சம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் எரிச்சல். தரை எப்படி அதிரும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் தொழில். ஊரார் கட்டடத்துக்கெல்லாம் சொல்கிறேன். என் சொந்த வீட்டு மாடி இப்படி ஆடுகிறது.

2

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "எம் பொண்ணு ஜெர்மனில பில்டிங் கட்றா" என்பார் அம்மா. இத்தனை வருஷத்தில் நான் ஒரு செங்கல்லைக்கூடக் கையில் எடுத்ததில்லை. கட்டடம் எழும்பும் முன்பே அதைக் கம்ப்யூட்டரில் ஆட்டிப் பார்ப்பதுதான் வேலை. ஒரு உத்தரத்தையோ தளத்தையோ துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டுக்கும் எடை எவ்வளவு, விறைப்பு எவ்வளவு என்று கொடுப்போம். பிறகு மேலே ஆளை நடக்கவிட்டோ, பக்கத்தில் ரயிலை ஓடவிட்டோ, நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு பொடியிலும் எந்தத் துண்டு எவ்வளவு அசைகிறது என்று மெஷினிடம் கேட்போம். கடைசியில் திரையில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து அடங்கும். அது சீக்கிரம் அடங்குமா, இழுத்துக்கொண்டே போகுமா என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம்.

எடையும் விறைப்பும் கணக்கில் வந்துவிடும். ஆட்டம் எப்படி அடங்கும் என்பது மட்டும் முழுதாகப் பிடிபடாது. அதற்குத் தணிப்பு என்று ஒரு எண்ணைக் கொடுக்கிறோம். பெரும்பாலும் அனுபவத்தை வைத்துக் கொடுப்பதுதான். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் காலி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, கம்பி, சீட் எல்லாம் கடகடக்கும். கூட்டம் ஏறி மூட்டையும் கூடையுமாக நிறைந்துவிட்டால் அதே பஸ் கொஞ்சம் அடங்கிவிடும். எடை கூடுகிறது, உடம்புகள் ஆட்டத்தை வாங்கிக்கொள்கின்றன.

இதையெல்லாம் ஜெர்மனில் விளக்குவது தனி அவஸ்தை. வந்த புதிதில் ஒரு கூட்டத்தில் பள்ளிக்கூடத் தளம் ஒன்று ஆடுகிறது என்று சொல்வதற்குப் பதிலாக, ஜெர்மனில் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒலிக்கும் இன்னொரு சொல்லைப் போட்டு, நீந்துகிறது என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. இங்கே சிரிக்க மாட்டார்கள்; மரியாதையாகக் குறித்துக்கொண்டார்கள். வீட்டில் சொன்னபோது என் மகள் ரூத் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. இப்போது பதினாலு. இப்போது நான் தப்பாகப் பேசினால் சிரிப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்கிறாள்.

3

ஊர் வயலை நினைத்து உருகும் கட்டுரைகளை நீங்கள் நிறைய படித்திருப்பீர்கள். எனக்கு அப்படி உருக ஒன்றுமில்லை. எங்களுக்கென்று வயல் இருந்ததே இல்லை. அம்மாவும் அவர் வீட்டாரும் அடுத்தவர் கழனியில் நடவு நட்டவர்கள். தொழிற்பேட்டை வந்த பிறகுதான் எங்கள் தெருவில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது. நைனா, அதாவது என் அப்பா, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கும் ஆலையில் ஹேமர் என்ற ராட்சதச் சம்மட்டி மெஷினில் நின்றார். அந்த ஹேமர் அடித்தால் எங்கள் தெரு வரைக்கும் தரை அதிரும். நான் அந்த அதிர்வில் படித்துத்தான் எஞ்சினியர் ஆனேன். நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். ஹேமர் இன்னும் அடிக்கிறது, இன்னொருவர் வீட்டு அடுப்பு எரிகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பழைய ஷீட் வீட்டில் மாடி இல்லை, அதிர்வு தரையோடு நின்றுவிடும். அதை இடித்துவிட்டுக் கீழும் மேலுமாகக் கட்டலாம் என்றபோது அம்மாதான் பிடிவாதமாகச் சொன்னார்: "கீழ ஸ்டீபனுக்கு. மேல உனுக்கு. பொட்டப் புள்ளைக்கு பங்கு இல்லன்னு எந்த வேதத்துலயும் எய்தி வெக்கல." ஸ்டீபன் என் தம்பி. ஊரில் வெல்டிங் ஷாப் வைத்திருக்கிறான். அம்மா அவன் குடும்பத்தோடு இருக்கிறார்.

கீழே நடு ஹாலில் தூணே இருக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்கார வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அந்த ஹாலின் கூரைதான் என் மாடிக்குத் தரை. தூண் இல்லையென்றால் தளம் அகலம். அகலமான தளம், பின்னால் ஹேமர். கணக்கை நானே போட்டேன். ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, ரூத் ஹோம்வொர்க் செய்யும் மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்து, தளத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஹேமர் அடியைக் கொடுத்துப் பார்த்தேன். கோடு அழகாக அடங்கியது. கட்டச் சொன்னேன். கட்டினார்கள்.

மேலே எங்களுக்கென்று இரண்டு அறை, ஒரு சமையலறை. ரூத்துக்கு ஒரு அறையை ஊதா நிறத்தில் அடித்தார்கள். சின்ன வயதில் அவள் கேட்ட நிறம். அம்மா பாத்திரக்கடைக்குப் போய் டம்ளர், சொம்பு, குண்டான் எல்லாம் எனக்காக வாங்கி அடுக்கினார். கட்டில் மெத்தை எல்லாம் நாங்கள் ஊருக்கே திரும்பி வந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். வீட்டு ஜெபத்துக்கு வந்து ஒன்றரை வாரம் தங்கினோம். பாய் போட்டுப் படுத்தோம். சொந்தக்காரர்கள் நெரிந்தார்கள். அப்போது எதுவும் ஆடவில்லை.

4

குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறேன். இதைச் சொல்லும்போதே அலுப்பாக இருக்கிறது. ஒரு கடுதாசி கொண்டுபோனால் அதற்கு முந்தைய கடுதாசியைக் கேட்கிறார்கள். வீடியோ வந்த வாரம்தான் ஆபீசில் நேரம் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"உங்கள் வாழ்க்கையின் மையம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இங்கே இது தத்துவக் கேள்வி இல்லை, ஆபீஸ் கேள்வி.

"இங்கேதான்."

"வேறு நாட்டில் வீடு இருக்கிறதா?"

"அம்மா வீடு. இந்தியாவில்."

"அதில் யார் இருக்கிறார்கள்?"

"கீழே அம்மா, தம்பி குடும்பம்."

"மேலே?"

"மேலே நான்."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் இங்கே இருக்கிறீர்களே" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். "காலியாக இருக்கிறது என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு வருஷமாக நான் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தையை ஒரு ஜெர்மன்காரியிடம் சொல்லிவிட்டேன்.

5

அன்று மாலை ஊருக்குப் போன் போட்டேன். ஸ்டீபன் எடுத்தான்.

"எக்கா, அம்மா ரொம்ப பேஜாரு பண்ணுதுக்கா. ஹால்ல படுக்க மாட்டேங்குது. மோடு இடிஞ்சி மேல வியுந்துடுமாம். பின்னாடி ஷீட்டு போட்ட எடத்துல பாய போட்டுக்கினு படுத்துக்கினு கீது. கொசு புடுங்குது, வேர்வ ஊத்துது, சொன்னா கேட்டாத்தான?"

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். இடியாதும்மா, தளம் பலமாக இருக்கிறது, அதிர்வு வேறு பலம் வேறு என்று என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "மொதல்ல எனுக்கு நல்லாத்தான் இருந்துச்சி பாப்பா. மேல பாத்திரம் சத்தம் கேட்டா, நீ வந்து பொயங்கறாப்லயே இருந்துச்சி. கீழ படுத்துக்கினு கேட்டுக்கினே இருப்பேன். அப்பால தான் சுவத்துல கோடு உட்டுது. அத்த பாத்ததுலேந்து பயம் புட்ச்சிக்கிச்சி."

விரிசல் பூச்சில்தான், சுவரில் இல்லை என்று ஸ்டீபன் போட்டோவில் காட்டினான். அது எனக்குத் தெரிந்தது. அம்மா சொன்ன முதல் பாதியை விட்டுவிட்டு விரிசலைப் பற்றியே பேசினேன்.

என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். இங்கே நாங்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் தளத்தின் நடுவில் குதிகாலைத் தூக்கி நின்று, பொத்தென்று குதிகாலை விட வேண்டும். தளம் எப்படி அதிர்ந்து அடங்குகிறது என்று பக்கத்தில் வைத்த கருவி பிடிக்கும். கருவி இல்லையென்றால் போனே போதும். ஸ்டீபனை மாடிக்கு அனுப்பினேன். அவன் மூன்று ஆள் எடை. குதிகாலை விட்டான். கீழேயிருந்து அம்மா கத்தினார்: "டேய் பாவி, இருக்கற ஊட்ட நீயே இட்ச்சிடாத!"

அவன் அனுப்பியதை என் திரையில் போட்டுப் பார்த்தேன். கோடு அடங்காமல் இழுத்துக்கொண்டே போனது. கோவில் மணியை அடித்துவிட்டுப் போனால் ரீங்காரம் நிற்காதே, அப்படி. என் கணக்கில் வந்த கோடு இது இல்லவே இல்லை.

6

பழைய கணக்கைத் திறந்தேன். தளம் சரி. கம்பி சரி. ஹேமர் அடியும் சரி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் தளத்தின் மேல் நான் வைத்திருந்த சுமைகளைப் பார்த்தேன். ஒரு அறையில் கட்டில், பீரோ, நான், என் வீட்டுக்காரர். ஊதா அறையில் கட்டில், புத்தக அலமாரி, ரூத். ஒவ்வொரு சுமைப் புள்ளிக்கும் பெயர்கூட வைத்திருந்தேன். ஆள் குடியிருக்கும் வீடு என்று தணிப்பையும் கூட்டிக் கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டர் மாதிரியில் நாங்கள் மூன்று பேரும் குடிபோயிருந்தோம். அதனால்தான் கோடு அழகாக அடங்கியது.

புள்ளிகளை எடுத்துவிட்டுத் தளத்தைக் காலியாக ஓடவிட்டேன். எடை குறைந்ததும் தளத்தின் ஆட்டம் ஹேமர் மண்ணை ஆட்டும் வேகத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. ஸ்டீபன் அனுப்பிய கோடு அப்படியே வந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிற ஆள்தான் இப்படி ஒரு கணக்குப் போட முடியும். வருவோம் என்பதை வந்துவிட்டோம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மீஞ்சூர்க்காரர். அவரிடம் காட்டினேன். "ஹால் நடுவுல ஒரு இரும்புத் தூண் வெச்சா முடிஞ்சுது. உன் தம்பி தான் வெல்டரு" என்றார். தூண் வைத்தும் ஓட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. ஸ்டீபன் மறுநாளே பைப் வாங்கத் தயார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நடு ஊட்ல கம்பத்த நட்டுக்கினு யார் மூஞ்சிய யார் பாத்து ஜெபம் பண்றது? பயந்தா பின்னாடி படுத்துக்கினு போறேன். கம்பம் வேணா."

அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தை மாடியில் வைக்கச் சொன்னேன். எனக்கு ஒருமுறை நிறைந்த வீட்டை அளந்து பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டீபன் வீடியோ காலில் காட்டினான். பாய் விரித்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டரிடம் என்ன சொல்லி வைத்தானோ, அவர் ரொம்பப் பொறுப்பாக, "தம்பி குதிக்கப் போறாரு. யாரும் அசையாதீங்க" என்றார். நடுவில் ஸ்டீபன் எழுந்து குதிகாலைத் தூக்கி விட்டான். பின்வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இன்னொரு முறை குதிக்க வேண்டியதாயிற்று.

கோடு உடனே அடங்கியது. பின்னால் ஹேமர் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஊதா அறையில் யாரோ குழந்தையைத் தூங்கப் போட்டிருந்தார்கள். சமையலறையில் டம்ளர்கள் மூச்சு விடவில்லை.

அம்மா போனை வாங்கினார். "பாப்பா, ஆளு இருந்தா அடங்கிடுது போல கீதே."

"ஆமாம்மா" என்றேன். ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

7

ஜெபக் கூட்டமே வேண்டுமென்பதில்லை. கட்டில், பீரோ, சாமான் செட்டோடு ஒரு குடும்பம் இருந்தால் போதும். அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். பேட்டையில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அம்மா நிம்மதியாகத் தன் ஹாலில் படுக்க வேண்டுமென்றால் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

முதலில் ரூத்திடம் சொன்னேன். மாடியில் உன் அறைக்கு வேறு யாராவது வரலாம் என்றேன். ஹெட்போனைக் கழற்றாமலே, ஜெர்மனில், "எந்த அறை?" என்று கேட்டாள். ஊதா அறை என்றேன். "ஓ, பாட்டி வீட்டிலா? வரட்டுமே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, தமிழில், "அம்மா, நீ அழறியா?" என்றாள். இல்லை என்றேன். அழுதுகொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, தூண் வேணாம். மேல குடி வெச்சிடுங்க."

"இன்னாடி பேசற? அது உன் ஊடு."

"என் வீடுதாம்மா. காலியா கிடக்குதே."

"நீங்க வந்துட்டா? குடி வெச்சவன கெளப்ப முடியுமா? ரூத்து ரூம்புல எவனாவது ஆணி அட்ச்சி வெப்பான்."

"அவளுக்கு அந்த ரூம் ஞாபகமே இல்லம்மா."

"நீ வரேன்னு சொன்னியே."

"சொன்னேன். ஆனா நாங்க வரலம்மா. அவ படிப்பு முடியற வரைக்கும் வர முடியாது. அதுக்கப்புறம் அவ வர மாட்டா. அவள விட்டுட்டு நான் எங்க வருவேன்?"

 அந்தப் பக்கம் ஹேமர் மட்டும் கேட்டது. நான் இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"நாஷ்டா துன்னியா?" என்று கேட்டார் அம்மா.

"துன்னேன்மா."

"சரி, வை."

8

அப்புறம் ரொம்ப நாள் அம்மா மாடியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அரிசி, கால் வலி, சோழவரம் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்தது என்று பேசினோம். வேலையில் ஒரு நடைபாலத்துக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ட்ராமில் போனேன், வந்தேன். குடியுரிமை ஆபீசிலிருந்து இன்னொரு கடுதாசி கேட்டிருந்தார்கள். எதிலும் மனசு ஒட்டவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தினமும் தோன்றியது. பொய்யாவது ஒரு நம்பிக்கையாக இருந்திருக்குமே. ஆனால் அந்த நம்பிக்கையின் கீழேதான் அம்மாவால் படுக்க முடியவில்லை.

போன வாரம் அம்மாவே கூப்பிட்டார். வீடியோவில் ஹால். பாய் பழைய இடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே. மேலே தடதடவென்று யாரோ ஓடும் சத்தம்.

"டேய், மெதுவா ஓட்றா!" என்று கூரையைப் பார்த்து அம்மா கத்தினார். பிறகு என்னிடம், "ஒடிசாக்காரங்க. அவன் ஹேமர்ல தான் வேல, உங்க நைனா நின்ன எடத்துல. ரெண்டு பசங்க. தமிழு சுத்தமா தெர்ல, நான் தான் கத்துக் குடுத்துக்கினு கீறேன். உன் பாத்திரத்த எடுத்து கீழ வெச்சிக்கலாம்னு பாத்தேன். அப்பால போவுது, பொயங்கட்டும்னு உட்டுட்டேன்."

மேலே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹால்லயா படுக்கற?"

"பின்ன? எம்மாம் நாளு கொசுக்கடியில படுக்கறது." பாயை நீவிவிட்டார். "கிறிஸ்மஸுக்கு வருவீங்க இல்ல? சும்மா வந்துட்டு போறதுக்கு தான் கேக்கறேன்."

"வந்தா எங்கம்மா தங்கறது?" என்று கேட்டேன்.

"எங்க தங்கறதா? போன தபா உன்ன மேல ஏத்தி உட்டுட்டு நான் கீழ தனியா படுத்துக்கினு கெடந்தேன். வந்தவள நல்லா மூஞ்சி குடுத்து பேசக்கூட இல்ல. இந்த வாட்டி இங்க, எம் பக்கத்துல படு. ரூத்து ஃபேனாண்ட படுக்கட்டும்."

டிக்கெட் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ரூத் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள், வர மாட்டேன் என்று சொல்லவில்லை. பாய் விரித்து எல்லாரும் படுக்க அந்த ஹாலில் இடம் இருக்கிறது. நடுவில் தூண் இல்லை.